கட்டை விரல் பக்கம்

‘கோ’ என்று ஐந்தைச் சொல்லிவிட்டுச் செண்பகவல்லி ஆறை மறந்துபோனாள். மறக்கக்கூடிய ஆளா அவள்? பதினோரு வருஷமாக ஞாயிறு தவறாமல் இச்சி, நீ, சான் என்று ஜப்பான்காரன் கணக்கில் பத்துவரை எண்ணி எண்ணி, வீட்டில் இட்லித் தட்டை இறக்கும்போதுகூட வாய் அந்தக் கணக்கைத்தான் முணுமுணுக்கும். இன்றைக்கு என்னவோ ஆறு வரவில்லை. எதிரே பதினான்கு பெண்கள் குதிரைமேல் உட்கார்ந்த மாதிரி காலை அகட்டி, முழங்காலை மடக்கி, முஷ்டியை இடுப்பில் வைத்து நின்றார்கள். மாஸ்டர் அடுத்த எண்ணைச் சொன்னால்தான் அடுத்த குத்து, பத்தைச் சொன்னால்தான் எழுந்து காலை உதறலாம். மாஸ்டரோ படிக்கட்டுப் பக்கமே காதை வைத்துக்கொண்டிருந்தாள். கல்யாண மண்டபத்தின் மாடியில் இருக்கும் சாப்பாட்டு ஹால் அது. கோவில்பட்டியில் முகூர்த்தம் இல்லாத ஞாயிறுகளில் மேஜைகளைச் சுவரோரம் அடுக்கிவிட்டால் கராத்தே வகுப்பு. முந்தின நாள் சமைத்த ரசத்தின் பெருங்காய வாசம் இன்னும் போகவில்லை. ஒரு மூலையில் பாயசம் சிந்திய இடத்தில் எறும்பு ஊர்கிறது, அங்கே யாரும் நிற்க வேண்டாம் என்று சொல்ல நினைத்தது, சொன்னோமா இல்லையா? வெளிப்பக்கம் இரும்புப் படிக்கட்டு. பூனை ஏறினாலும் டங்கென்று காட்டிக்கொடுத்துவிடும். கீழே வாட்ச்மேன் சுடலை துடைப்பத்தால் முற்றத்தைப் பெருக்கும் சரசரப்பு கேட்டது. காலை ஏழு மணிக்கு வருகிறேன் என்று பேச்சி சொல்லியிருக்கிறாள், அந்தப் படியில்தான் ஏறி வருவாள். அதுதான் விஷயம். அவள் வந்து நின்றால் என்ன சொல்வது? “மாஸ்டர், தொடை நடுங்குது” என்று முன் வரிசையில் யாரோ முனகினார்கள். “ரோகு!” என்று செண்பகவல்லி இரைந்தாள். பதினான்கு முஷ்டிகளும் பாய்ந்தன. ஆறு அங்கேதான் இருந்திருக்கிறது, தொண்டைக்குள்ளேயே.

பேச்சிக்கு முப்பத்தொரு வயது. தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடைக்கிறவள். ஒரு நாள்கூட வகுப்புக்கு மட்டம் போட்டதில்லை. மழை பெய்தால் தலையில் பாலிதீன் பையைக் கவிழ்த்துக்கொண்டு வந்து நிற்பாள். சொன்னதைச் சொன்னபடி செய்வாள், ஒரு அங்குலம் கூட்டமாட்டாள், குறைக்கமாட்டாள். ஷிச்சி, ஏழாவது குத்து. புதன்கிழமை சாயங்காலம் ஷிப்டு முடிந்து ரயில்வே கேட்டைத் தாண்டி முள்வேலிச் சந்து வழியாக வரும்போது ஒருத்தன் கையைப் பிடித்துவிட்டான். குடிகாரன் என்றார்கள். அவனுக்கு வேண்டியது செயினா, போனா, வேறு எதாவதா, அது அவனுக்குத்தான் வெளிச்சம். பேச்சி ஓடவில்லை. பிடித்த கையை விடுவிக்க மாஸ்டர் சொல்லிக் கொடுத்த ரிலீஸைப் போட்டாள். போட்டாள், கை வரவில்லை. அவன் முறுக்கினான், எலும்பு போய்விட்டது. டீக்கடைக்காரர் கழனித் தண்ணீரைக் கொட்ட வந்தவர் தற்செயலாகப் பார்த்துக் கல்லெடுக்க, அவன் விட்டுவிட்டு ஓடினான். எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. புருஷனுக்குப் பண்ணவில்லை, அக்காளுக்குப் பண்ணவில்லை, மாஸ்டருக்குத்தான் முதல் போன். “மாஸ்டர், நான் சரியாத்தான் செஞ்சேன். அவன் விடல.” அழுகைகூட இல்லை அந்தக் குரலில். வகுப்பில் சந்தேகம் கேட்கிற குரல். அதற்கு மாஸ்டர் என்ன சொன்னாள்? ஹாச்சி, எட்டாவது குத்து. என்ன சொன்னாள், சொல்லேன் செண்பகவல்லி, உன் வாயால் சொல்லேன். “கட்டை விரல் எந்தப் பக்கம் இருந்துச்சு?” என்று கேட்டாள். அந்தப் புண்ணியவதி கேட்ட முதல் கேள்வி அதுதான். வலிக்குதா என்று கேட்கவில்லை. யார் கூட இருக்காங்க என்று கேட்கவில்லை. கட்டை விரல்! குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம். பேச்சி, “சரியான பக்கந்தான் மாஸ்டர்” என்றாள், தப்பு செய்துவிட்ட மாதிரி. கூ. ஜூ, பத்து. “எந்திரிங்க. காலை உதறுங்க.”

ஊருக்குள் கேட்டுப் பாருங்கள், செண்பகவல்லி மாஸ்டரைப் போல் சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது என்பார்கள். அதில் பொய் இல்லை. குரல் கணீரென்று மூன்று தெருவுக்குக் கேட்கும். முழங்கை அரை அங்குலம் விலகினாலும் கண்ணில் பட்டுவிடும், போகிற போக்கில் இரண்டு விரலால் தட்டிச் சரிசெய்துவிட்டுப் போவாள், தட்டு வாங்கினவளுக்குத் தான் எங்கே தவறினோம் என்று உடம்பிலேயே தெரிந்துவிடும். பிரசவத்துக்குப் பிறகு முதுகுவலியோடு வந்தவளை ஆறு மாதத்தில் கால் தூக்க வைத்தவள். பேச வாய் வராமல் வந்தவளைக் கத்த வைத்தவள். கத்த வைத்தவள், ஆமாம், கத்த வைத்தவள், எப்போது கத்த வைத்தவள்? அந்த நினைப்பு வந்ததும் செண்பகவல்லி அதை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு ஜன்னலைத் திறக்கப் போனாள். ஜன்னல் ஏற்கெனவே திறந்துதான் இருந்தது. அதற்குள் பின்னால் குசுகுசுப்பு ஆரம்பித்துவிட்டது. ஜெபராணி டீச்சர்தான், மூத்த மாணவி, பிரவுன் பெல்ட், ஹைஸ்கூலில் கணக்கு எடுக்கிறவள். “பயத்துல கட்டை விரலை மறந்திருப்பா. இல்லன்னா வராம எங்கே போகும்? பார்முலா பார்முலாதான்லா?” என்று அவள் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்று நாளாக இந்தப் பேச்சு வகுப்பின் வாட்ஸ்அப்பில் ஓடுகிறது. பாவம் பேச்சி, பதற்றத்தில் திருப்பத் தெரியவில்லை, நாமெல்லாம் நன்றாகப் பழகிக்கொள்ள வேண்டும், இப்படி. செண்பகவல்லி எல்லாவற்றையும் படித்தாள். ஒன்றுக்கும் பதில் போடவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவள் தானே சோற்றை அள்ளிக் கொட்ட வேண்டும் என்று இல்லை, மற்றவர்கள் கொட்டும்போது சும்மா இருந்தாலும் போதும்.

“ஜோடி சேருங்க. மணிக்கட்டு ரிலீஸ்” என்று சொன்னது அவள் வாய்தான். ஏன் அதைச் சொன்னது என்று அவளுக்கே தெரியவில்லை. நாக்கு நோகிற பல்லைத்தானே தேடிப் போகும். ஏழு ஜோடிகள் எதிரெதிரே நின்றன. ஒருத்தி பிடிப்பாள், ஒருத்தி விடுவிப்பாள். பிடிக்கிறவளின் கட்டை விரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கிறது, பிடியில் பலம் குறைந்த இடம் அதுதான், அந்தப் பக்கம் மணிக்கட்டைத் திருப்பி முழங்கையை மடக்கி வெடுக்கென்று இழுத்தால் எப்பேர்ப்பட்ட ஆளாக இருந்தாலும் கை வந்துவிடும். எப்பேர்ப்பட்ட ஆளாக இருந்தாலும்! இந்த வார்த்தையை எத்தனை தடவை சொல்லியிருப்பாள்? மேடையில் சொல்லியிருக்கிறாள், மைக்கில் சொல்லியிருக்கிறாள், கல்லூரிப் பிள்ளைகள் கை தட்டியிருக்கிறார்கள். இப்போது இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். வழக்கமாக அவள் பார்ப்பது விடுவிக்கிறவளின் கையை. இன்றைக்குக் கண் பிடிக்கிறவளின் கைக்குப் போயிற்று. போனதுதான் தாமதம், ஐயோ, இதை இத்தனை வருஷமாகப் பார்க்காமலா இருந்தோம்? எதிரே நிற்கிறவள் திருப்ப ஆரம்பிக்கும்போதே பிடித்தவளின் விரல்கள் விரிந்துகொள்கின்றன. கேட்காமலே விரிகின்றன. பந்தியில் பக்கத்து இலைக்காரருக்கு இடம் விட்டு ஒதுங்குகிற மாதிரி, அவ்வளவு மரியாதையாக. முதல் ஜோடி அப்படி. இரண்டாவது அப்படி. ஜெபராணி டீச்சரின் எதிரே நின்றவள் டீச்சர் திருப்புவதற்கு முன்பே விட்டுவிட்டாள். “சூப்பர் டீச்சர்!” என்று வேறு சொல்கிறாள். இவர்களைச் சொல்லி என்ன? நாம் யாருக்கு விட்டோம், நமக்கு யார் விட்டார்கள்? பிளாக் பெல்ட் பரீட்சைக்கு நானும் எனக்கு ஜோடியாக வந்த சாத்தூர்க்காரியும் ஒரு மாதம் ஒத்திகை பார்த்தோமே, நான் இழுக்கும்போது நீ விடு, நீ இழுக்கும்போது நான் விடுகிறேன் என்று பேசி வைக்கவில்லை, பேசி வைக்க வேண்டிய அவசியமே இல்லை. விடாவிட்டால் அழகாக வராது. அழகாக வராவிட்டால் மார்க் கிடையாது. அதுதான் வழக்கம். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. எல்லாரும் நல்லவர்கள். நல்லவர்களாகச் சேர்ந்து பேச்சியின் கையை ஒடித்துவிட்டோம்.

தெரியாது என்று மட்டும் சொல்லாதே செண்பகவல்லி. அந்த மகளிர் தின விழா, ஆறு வருஷம் இருக்குமா? பி.டி. மாஸ்டர் ஒருத்தர், பனைமரத்தைச் சட்டை போட்டு நிறுத்திய மாதிரி ஆள், மேடையேறி உன் கையைப் பிடித்தார். நீ திருப்பினாய், கை வரவில்லை. அரை நொடிதான். அரை நொடிக்குள் அவர் உன் முகத்தைப் பார்த்தார், முகத்தில் என்ன கண்டாரோ, விட்டுவிட்டார். விட்டதோடு இல்லாமல் இரண்டு அடி பின்னால் தடுமாறிக் காட்டினார், மனுஷன். கைதட்டல் அடங்க எவ்வளவு நேரமாயிற்று! சால்வை போட்டார்கள். மஞ்சள் சால்வை, பீரோவில் இருக்கிறது, இல்லை, அதைத்தான் தண்ணீர்த் தொட்டிமேல் மூடினோம். சரி, அதுவாவது மேடை. வீட்டில் நடந்ததற்கு என்ன சொல்வாய்? புருஷன் தவசிமணி லேத் பட்டறையில் இருபது வருஷமாக இரும்பைக் கடைகிறவர். ஒரு நாள் காலை விளையாட்டாக, “எங்கே, என் கையைப் பிடிங்க பார்ப்போம்” என்று அவரிடம் நீட்டினாள். அவரும் தோசையைப் பாதியில் வைத்துவிட்டு இடக்கையால் பிடித்தார். இடக்கையால்! திருப்பினாள், மடக்கினாள், இழுத்தாள். வெடுக்கென்று இன்னொரு தடவை. மனுஷன் வலக்கையால் தோசையைப் பிட்டுச் சட்னியில் தொட்டு வாயில் போட்டுக்கொண்டார். “ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுன்னு சும்மாவா சொன்னான்” என்று சிரித்துவிட்டு விட்டார். இரண்டு நாள் அவரோடு பேச்சு வார்த்தை கிடையாது. உப்புப் போடாமல் குழம்பு வைத்தாள், அதையும் சாப்பிட்டுவிட்டுப் போனார். லேத் பிடிக்கிற கை, அது கணக்கில் வராது, அவர் கை கை இல்லை, குறடு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அடுத்த ஞாயிறே இதே ஹாலில் நின்று ‘எப்பேர்ப்பட்ட ஆளாக இருந்தாலும்’ என்றாள். பேச்சி முன் வரிசையில் நின்று தலையாட்டினாள். அவள் கண்ணில் அப்போது என்ன நம்பிக்கை! மணி என்ன? ஆறு ஐம்பது. சுவர்க் கடிகாரம் மண்டபத்துக் கடிகாரம், எப்போதும் ஐந்து நிமிஷம் முந்தித்தான் ஓடும், மாப்பிள்ளை வீட்டார் சீக்கிரம் கிளம்பட்டும் என்று.

படியில் சத்தம் கேட்டது. இல்லை, அது சுடலை வாளியை வைத்த சத்தம். வரட்டுமே, வந்தால் என்ன? மாஸ்டர் எதிரே யார் வாய் திறக்கப் போகிறார்கள்? “பதற்றத்துல முழங்கையை மடக்காம விட்டிருப்ப, பரவாயில்ல, கட்டுப் பிரிச்சதும் பழகிக்கிடலாம்” என்று முதுகில் தட்டினால் முடிந்தது. பேச்சியும் நம்பிவிடுவாள். அதுதான் பயமாக இருக்கிறது, அவள் நம்பிவிடுவாள். கை கூடியதும் அதே சந்து வழியாக, அதே ரிலீஸை நம்பிக்கொண்டு நடப்பாள். இந்தப் பதினாலு பேரும் நடப்பார்கள். ஜெபராணி டியூஷன் முடித்து ராத்திரி ஏழரைக்குத் தனியாக வருகிறவள். “ஹேய்!” என்று ஒரு ஜோடி கத்தியது. கை விடுபட்டதும் கத்த வேண்டும், வகுப்பின் சட்டம் அது. சட்டம் போட்டது யார்? ஆரம்பத்தில் எல்லாரும் கையைப் பிடித்த உடனே வீல் வீலென்று கத்திச் சிரித்துக் கூத்தடித்தார்கள். பெல்ட் கொடுக்கிற கிரேடிங்குக்கு வந்த பரீட்சகர் முகத்தைச் சுளித்தார். அன்றைக்குச் சொன்னாள்: “கை வந்த பிறகுதான் சத்தம். அதுக்கு முன்னால மூச்சு விடப்படாது.” அதன் பிறகு வகுப்பு எவ்வளவு அழகாகிவிட்டது! அமைதி, ஒரு திருப்பு, ஒரு இழுப்பு, ஹேய். பார்த்தவர்கள் அசந்து போனார்கள். புதன்கிழமையிலிருந்து செண்பகவல்லிக்கு ஒன்று இடித்துக்கொண்டே இருந்தது, இன்னதென்று பிடிபடாமல். டீக்கடைக்காரர் தற்செயலாக வந்தார் என்றார்களே. தற்செயலாக! இருபது அடியில் டீக்கடை, கடையில் பத்துப் பேர். பேச்சி ஏன் கத்தவில்லை? ஏன் கத்தவில்லை என்றால், கை வரவில்லை. கை வந்த பிறகுதானே சத்தம். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள் அவள். மூச்சைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, எலும்பு முறிகிற வரைக்கும் கை வரட்டும் வரட்டும் என்று காத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். பாவி மகளே, என்ன சொல்லிக் கொடுத்திருக்கிறாய் நீ.

இந்தத் தடவை படிச்சத்தம் நிஜம். டங், டங், நடுவில் நின்று மூச்சு வாங்கி மறுபடி டங். கழுத்தில் கட்டிய துணித் தொட்டிலில் மாவுக்கட்டுப் போட்ட வலக்கையோடு பேச்சி வாசலில் வந்து நின்றாள். செருப்பை ஒழுங்காக ஓரமாக விட்டாள். இடுப்பை வளைத்து வணக்கம் வைத்தாள், ஒரு கை கட்டில் இருந்ததால் லேசாகச் சாய்ந்துவிட்டாள். “வேடிக்கை பார்க்கத்தான் மாஸ்டர் வந்தேன். ஓரமா உக்காந்துக்கிடுதேன்” என்றாள். எல்லாரும் சூழ்ந்துகொண்டார்கள். ஜெபராணி உச்சுக் கொட்டிவிட்டு, “திருப்பும்போது எப்படித் திருப்பினே? எங்க, காட்டு” என்றாள். பேச்சி மாஸ்டரைப் பார்த்தாள். கோபமான பார்வை என்றால் தாங்கிக்கொள்ளலாம். அது கோபம் இல்லை. நான் எங்கே தவறினேன் என்று இரண்டு விரலால் தட்டிச் சொல்லுங்களேன் என்கிற பார்வை. சொல்லிவிடு, முழங்கை என்று சொல்லிவிடு, ஒரு வார்த்தைதான், பதினோரு வருஷம் பிழைத்துக்கொள்ளும். செண்பகவல்லி இரண்டு எட்டு முன்னால் போனாள். தட்டவில்லை. கறுப்புப் பெல்ட்டை இழுத்து இறுக்கிக்கொண்டு தன் வலக்கையை நீட்டினாள். “இடக்கை நல்லா இருக்குல்லா? பிடி” என்றாள். பேச்சி விழித்தாள். “பிடின்னு சொல்லுதேன். அவன் எப்படிப் பிடிச்சான், அப்படிப் பிடி. நான் என்ன செஞ்சாலும் விடப்படாது. மாஸ்டருன்னு பார்க்காத.”

பிடித்தாள். நாளெல்லாம் குச்சி அடைக்கிற விரல்கள், காய்ப்பு ஏறிய நுனிகள். செண்பகவல்லி கட்டை விரல் பக்கம் பார்த்தாள், சந்து இருந்தது, சரியான இடம்தான். திருப்பினாள், மடக்கினாள், வெடுக்கென்று இழுத்தாள். அந்தப் பெண்ணின் விரல்கள் ஒரு கணம் நெகிழ்ந்தன, பழக்கம் விடுமா, பிறகு என்ன நினைத்தாளோ இறுக்கிக்கொண்டாள். கை வரவில்லை. இன்னொரு தடவை. தோள் மூட்டு வரைக்கும் வலி ஏறியது, கை வரவில்லை. “ஏ பேச்சி, விட்டுருளா, மாஸ்டரு கையில்லா” என்று பின்னாலிருந்து யாரோ அடிக்குரலில் சொன்னார்கள். பேச்சி விடவில்லை. மூன்றாவது தடவை இழுத்தபோது செண்பகவல்லிக்குக் கழுத்தில் வேர்த்தது. விளையாட்டு இல்லை இது. பிடிபட்டால் இப்படித்தான் இருக்குமா? முள்வேலிச் சந்து, இருட்டு, எவனோ ஒருத்தனின் மூச்சு, இப்படித்தானா நின்றாள் இவள்? தொண்டைக்குள் ஒன்று முட்டிக்கொண்டு நின்றது. கை வந்த பிறகுதான், கை வந்த பிறகுதான் என்று பதினோரு வருஷப் பழக்கம் அதை அமுக்கிப் பிடித்தது. கை எங்கே வந்தது? வராது. வராதுடி! “அய்யோ! யாராச்சும் வாங்களேன்! என்னைய விடமாட்டேங்கான், யாராச்சும் வாங்க!” என்று செண்பகவல்லி மாஸ்டர் அலறினாள். வகுப்பில் பழகிய சத்தம் இல்லை அது, பிறந்ததிலிருந்து வயிற்றுக்குள் கிடந்த சத்தம். அடுக்கி வைத்த மேஜைகளில் பட்டு எதிரொலித்தது. டங் டங் டங்கென்று இரும்புப் படி அதிர, துடைப்பத்தை ஓங்கிக்கொண்டு சுடலை ஓடி வந்து நின்றார், வேட்டி பாதி அவிழ்ந்து. “எவன்? எவன் அவன்?” என்றார். அவர் பின்னாலேயே எதிர்வீட்டுக்காரரும் வந்துவிட்டார், வாயில் பல்துலக்கும் பிரஷ்ஷோடு.

“ஒருத்தனும் இல்லண்ணே, பாடம்” என்றாள் செண்பகவல்லி. மூச்சு இரைத்தது. பதினான்கு பேர் பக்கமும் திரும்பினாள். “பார்த்துக்கிடுங்க. கை வரல. எத்தனை எண்ணுறதுக்குள்ள ஆளு வந்தாருன்னு பார்த்தீங்களா? பேச்சி ஒரு தப்பும் செய்யல. நான் சொன்னதைத்தான் செஞ்சா. நான் சொன்னதுதான் தப்பு.” ஜெபராணி டீச்சர் தன் கட்டை விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். சுடலை ஒன்றும் புரியாமல் வேட்டியைச் சரிசெய்தார். பேச்சி இன்னும் கையை விடவில்லை. விடு என்று யாரும் சொல்லவில்லையே, அவளா விடுவாள்? பிடித்த இடம் சிவந்து போயிருந்ததை அவள் குனிந்து பார்த்தாள்.

“வலிக்குதா மாஸ்டர்?” என்று கேட்டாள்.

“வலிக்குது தாயி” என்றாள் செண்பகவல்லி. இடக்கையால் பேச்சியின் மாவுக்கட்டை மெல்லத் தொட்டாள். “உனக்கு?” என்றாள்.

“ரொம்ப வலிச்சுது மாஸ்டர்” என்று சொன்ன பிறகுதான் பேச்சி கையை விட்டாள்.